மாமி உடைத்த இருபத்தொரு தேங்காய்

இன்று காலேஜ் லீவ். சாலை பஜாரில் அம்மாவுக்குப் புளி வாங்கிக்கொண்டு, டிவி பார்க்கும் நினைப்பில் திரும்பிக்கொண்டிருந்தேன்.

பழவங்காடி கோவில் வாசலில் எதிர்வீட்டு மாமி. கூடை நிறையத் தேங்காய்.

"லதா பாஸாயிட்டாடி! பிள்ளையாருக்குப் பதினொண்ணு நேர்ந்துண்டிருந்தேன்."

லதா, இந்த மாமியின் பெண்; என் வகுப்பு. நேற்று இன்டர்நெட் கஃபேயில் சேர்ந்துதான் ரிசல்ட் பார்த்தோம். அவளுக்கு இரண்டு பேப்பர் போயிருந்தது.

போன வருஷம் எனக்கு ஒன்று போனபோது தெரு முழுக்கச் சொன்னது இதே மாமிதான்.

"அவ மார்க்குக்குப் பதினொண்ணு போறுமா மாமி? இருபத்தொண்ணா உடைச்சுடுங்கோ" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று மாமி இன்னும் பத்து வாங்கினாள். கை வலிக்கிறது என்றாள். கடைசி ஐந்தை நானே உடைத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டதும் லதாவின் எஸ்எம்எஸ்: "அம்மாகிட்ட சொல்லிடாதே, ப்ளீஸ்."

"சத்தியமா சொல்லலை" என்று பதில் அனுப்பினேன். பொய் இல்லையே.

இப்போது மாமி வீடு வீடாக லட்டு கொடுக்கிறாள். எனக்கு மட்டும் இரண்டு. நன்றாகவே இருக்கிறது.

மார்க் லிஸ்ட் வீட்டுக்கு எப்போது வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.