தலைப்பில் எழுதிய காற்று

ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் பக்கத்தில் ஜசிந்தா வைத்திருந்தது பேருக்குத்தான் தொலைபேசிக் கடை. வந்தவர்களில் பாதிப்பேர் வேறு அலுவலாக வந்தவர்கள். தங்கள் மின்னஞ்சலை யாரோ பிடித்துக்கொண்டு தங்கள் பெயரிலேயே எழுதுகிறார்கள் என்று காரைநகரிலிருந்து படகேறியும் வேலணையிலிருந்து பஸ் ஏறியும் வருவார்கள். கரம்பொன்காரியான ஜசிந்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கடவுச்சொல்லை ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்து மூக்கைச் சிந்துகிறவர்களை முதலில் நன்றாக ஏசுவாள். ஏசி முடித்த பிறகுதான் கதிரையை இழுத்துப் போட்டு இருத்துவாள்.

இந்த வேலையை அவள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அல்போன்சம்மாவுக்கு 2005இல் நேர்ந்ததுதான் படிப்பித்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அந்த நீண்ட வாய் சற்று அடங்கிவிடும்.

அல்போன்சம்மாவின் புருசன் கடலுக்குப் போகிறவர். ஒரே மகன் றெக்ஷன், அந்த வருடத் தொடக்கத்தில் ஏஜென்சியை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு, நடுவழியில் ஆபிரிக்காவின் ஏதோ ஒரு பட்டினத்தில் அகப்பட்டுக் கிடந்தான். அறை மாறி அறை மாறிப் போனதில் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் தொலைந்துவிட்டன. அவன் மனதில் பாடமாக இருந்தது ஒன்றே ஒன்று, தாயின் மின்னஞ்சல் முகவரி. அவன் புறப்படும் முன்னே அதைத் திறந்து கொடுத்தவள் ஜசிந்தா. கிழமைக்கொரு தரம் அல்போன்சம்மா வந்து பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, இவள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவாள்.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. கடிதத்துக்கு மேலே ஒரு பெட்டி இருக்கிறது, அதில் தலைப்புப் போட வேண்டும் என்று ஜசிந்தா சொன்னாள். தலைப்பென்றால் என்ன என்று அல்போன்சம்மா கேட்டார். கடிதத்தில் முதலில் சொல்லுகிற விசயம் என்று இவள் விளக்கினாள். கடற்றொழில் செய்கிற வீடுகளில் வாசலுக்கு வந்தவனிடம் முதலில் கேட்பதும் சொல்வதும் காற்றைத்தானே. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோளகம், மேற்கே கச்சான் என்று அவர்களுக்குத் திசைக்கொரு காற்று. அல்போன்சம்மா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, “வாடை எண்டு போடும் பிள்ளை” என்றார். ஜசிந்தா சிரித்துக்கொண்டே போட்டாள். அன்றிலிருந்து மகனுக்கு எழுதினாலும், ரொறன்ரோவில் இருக்கும் தம்பி கிறிஸ்ரிக்கு எழுதினாலும், பிரான்ஸிலும் நோர்வேயிலும் இருக்கும் சொந்தங்களுக்கு எழுதினாலும் தலைப்பில் அன்றைய காற்றுத்தான். வாடை போய்க் கொண்டல் வந்தது. கொண்டல் போய்ச் சோளகம் வந்தது. இந்த மனுசிக்கு வேறு தலைப்பே கிடைக்காதா என்று ஜசிந்தாவுக்கு அலுப்பாகக்கூட இருந்தது.

ஆவணி மாதத்தில் அல்போன்சம்மா கண் காட்ட யாழ்ப்பாணம் போனார். ஆஸ்பத்திரியால் வரும் வழியில் ஒரு இணையக் கடையைக் கண்டதும் மகனுக்கு ஒரு சொல் எழுதிவிட்டுப் போக மனம் அவாவியது. அங்கே இருந்த ஒருவன், “அம்மா, பாஸ்வேட்டைச் சொல்லுங்கோ” என்று மரியாதையாகக் கேட்டான். மரியாதையாகக் கேட்கிறவனுக்கு இல்லையென்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

சில நாட்களில் கிறிஸ்ரி, அக்கா பெயரில் வந்த மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு ஜசிந்தாவின் கடைக்குத் தொலைபேசி எடுத்தான். அக்காவுக்கு நெஞ்சில் ஒப்பரேசனாமே, அவசரமாகக் காசு வேண்டுமாமே என்று பதறினான். அக்கா அந்த நேரம் கடை வாசலில் மீன் பேரம் பேசிக்கொண்டு நின்றார். ஜசிந்தா ஓடிப்போய்க் கணினியைத் திறந்தாள். கடவுச்சொல் பிழை என்றது.

காசு போனாலும் உழைக்கலாம். மகன் எழுதுவது இனிக் கள்ளன் கைக்குத்தான் போகும், கள்ளன் எழுதுவது தாயின் பெயரில் மகனுக்குப் போகும் என்று விளங்கியபோதுதான் அல்போன்சம்மா மீன் பேரத்தை விட்டுவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அன்றைக்கு ஜசிந்தா ஏசவில்லை.

மின்னஞ்சல் நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதினாள். உரியவர் நீங்கள்தான் என்பதற்கு, இன்னின்ன முகவரிகளுக்கு இன்னின்ன தலைப்பில் எழுதியிருக்கிறோம் என்று காட்டுங்கள் எனக் கேட்டார்கள். முகவரிகள் எல்லாம் பூட்டப்பட்ட பெட்டிக்குள் அல்லவா கிடக்கின்றன. நினைவில் இருந்ததை எழுதி அனுப்பினாள். போதாது என்று மறுமொழி வந்தது.

அதற்குப் பிறகு அவள் கிறிஸ்ரியிடம் ஒரு உதவி கேட்டாள். அல்போன்சம்மாவின் கடிதம் கிடைத்த ஒவ்வொருவரும் கடைக்குத் தொலைபேசி எடுத்து, தங்கள் முகவரியையும் வந்த கடிதங்களின் தலைப்பையும் வாசிக்க வேண்டும். நாலுபேர் எடுத்தால் பெரிய காரியம் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் கடை திறந்ததிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ரொறன்ரோவிலிருந்து வந்தது, ஒஸ்லோவிலிருந்து வந்தது. எல்லோரும் காற்றை வாசித்தார்கள். வாடை, கொண்டல், கொண்டல், சோளகம். தலைப்போடு நிற்காமல் கடிதத்தையும் வாசித்தார்கள். பிரான்ஸிலிருந்து எடுத்த மைத்துனி மேரிஜோசப்பின், வேலைக்குப் போகும் பையில் அந்தக் கடிதங்களை அச்செடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். “மச்சாள், நிலக்கீழ் ரெயினுக்குள்ளை நிண்டு சோளகம் எண்டு வாசிச்சால் எனக்கு முகத்திலை காத்துப் படும்.”

தான் சும்மா சொன்ன சொற்கள் இத்தனை தேசம் போய், இத்தனை பேர் கைகளில் பத்திரமாக இருந்து, திரும்பித் தன் காதுக்கே வருவதைக் கேட்டுக்கொண்டு அல்போன்சம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். தான் அலுத்துக்கொண்டு தட்டிய அந்த ஒற்றைச் சொல்லை நினைத்து ஜசிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். நிறுவனம் பெட்டியின் திறப்பைத் திருப்பித் தந்தது.

புதுக் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனபோது றெக்ஷனின் கடிதங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே கள்ளன் தாயாகி எழுதிய கடிதங்களும் இருந்தன. நீ இருக்கும் இடத்தையும், கூட இருப்பவர்களின் வீட்டுத் தொலைபேசி இலக்கங்களையும் உடனே எழுது என்று அவன் கேட்டிருந்தான். தலைப்பு, அவசரம். மகன் அதற்குக் கேட்டிருந்தது ஒன்றேதான், இப்போது என்ன காற்று? கள்ளனும் மடையன் அல்ல. பழைய கடிதங்களைக் கிளறிப் பார்த்து, அடுத்த கடிதத்தின் தலைப்பில் ‘வாடை’ என்று போட்டிருந்தான்.

மகனின் கடைசிக் கடிதத்தை ஜசிந்தா சத்தமாக வாசித்தாள்.

“நீர் ஆரோ எனக்குத் தெரியாது. புரட்டாசியிலை எங்கடை கடலிலை வாடை அடிக்காது. என்ரை அம்மா வந்து காத்தைச் சொல்லுமட்டும் நான் ஒண்டும் எழுதமாட்டன்.”

அதன் பிறகு அவன் எழுதவே இல்லை. எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி, கடலே தெரியாத அறைக்குள் இருந்துகொண்டு, இந்தத் துறைமுகத்தில் என்ன காற்று அடிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. ஜசிந்தா விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு, எழுதுவோமா என்று கேட்டாள்.

அல்போன்சம்மா எழுந்து வெளியே போனார். சந்தைச் சனம் பார்க்கப் பார்க்க, முக்காட்டை விலக்கிவிட்டு முகத்தை ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

“காத்தில்லை எண்டு போடும் பிள்ளை. சோளகம் விழுந்திட்டுது. வாடை இன்னும் எழும்பேல்லை.”

தலைப்பில் அதைப் போட்டு, கீழே ஒன்றும் எழுதாமல் ஜசிந்தா அனுப்பிவிட்டாள். வீட்டுக்குப் போகச் சொல்லியும் அல்போன்சம்மா அசையவில்லை. பொழுது சாய்ந்து கடையைப் பூட்டுகிற நேரத்தில்தான் மறுமொழி வந்தது. அதிலும் கீழே ஒன்றும் இல்லை. றெக்ஷன் முதன்முதலாகத் தானே ஒரு தலைப்புப் போட்டிருந்தான்.

“அம்மா, இஞ்சை கச்சான் அடிக்குது.”