ஏழாவது கம்பிக்கு இந்த வீட்டில் இடமுண்டு

ஆறு கம்பி போதாதா என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. கிட்டார் வாசிப்பவர்கள் ஏழு கம்பிக்குப் போவதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சிலருக்கு நெஞ்சு அதிரும் கனத்த சத்தம் வேண்டும். சிலருக்குத் துணைக்கு ஆளில்லாமல் முழுப் பாட்டையும் தனியாகவே வாசித்து முடிக்க வேண்டும். எல்லாம் நல்ல காரணங்கள்தான். என் காரணம் கல்முனைக் கடற்கரையிலிருந்து வந்தது. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

என் மூத்த சகோதரரை, எங்கள் ஊர் வழக்கப்படி, காக்கா என்றுதான் கூப்பிடுவேன். பகலில் வீடுகளுக்கு வயர் இழுக்கும் வேலை. மற்ற நேரத்தில் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார். கலியாண வீடுகளிலும் காரைதீவு, பாண்டிருப்புக் கோயில் திருவிழாக்களிலும் வாசிப்பார். வீட்டில் ஒத்திகை பார்க்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் பழைய ஆறு கம்பிக் கிட்டார் ஒன்று என் கைக்கு வந்தது. நான் மேலே மெட்டை வாசிப்பேன், அவர் கனத்த சுரங்களால் கீழே தாங்குவார். சன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் வாசிப்போம். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை கிட்டார் வாசிப்பது தெருவுக்குக் கேட்கக் கூடாது என்பது உம்மாவின் சட்டம்.

எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைக் கட்டி அவள் பெயரில் எழுதிய பிறகே கலியாணப் பேச்சு. வாப்பா எங்களை விட்டு நேரத்தோடு மௌத்தாகிவிட்டதால் அந்தப் பாரம் காக்காவின் தலையில் விழுந்தது. தன் கலியாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, கடலுக்குத் தூரமாக எனக்கு வீடு கட்டத் தொடங்கினார். வயரிங் காசு சாப்பாட்டுக்குச் சரி. வீட்டுக்குப் பாட்டுக் காசு. கச்சேரி முடிந்த மறுநாள் புது வீட்டு வளவில் சீமெந்துப் பை வந்து இறங்கும்.

கூரை போட்டு, பூச்சு வேலை நடந்துகொண்டிருந்த நேரத்தில் கடல் வந்தது. அன்று காலை உம்மாவும் நானும் புது வீட்டில் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். காக்கா ஒரு கலியாண வீட்டில் விடிய விடிய வாசித்துவிட்டு, கடற்கரைப் பழைய வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரும் போனார், அந்த வீடும் போனது, பேஸ் கிட்டாரும் போனது. முதலிலேயே புது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த என் கிட்டார் மட்டும் மிஞ்சியது. அடக்கம் செய்ய மய்யித்தாவது கிடைத்ததே என்று அல்லாஹ்வுக்குச் சுக்ர் செய்யச் சொன்னார்கள். செய்தோம்.

ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், பாட்டும் கூத்தும் கூடிப்போனதால்தான் கடல் பொங்கியது என்று உம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். பாட்டே கேளாத வீடுகளையும், பால்குடிப் பிள்ளைகளையும் அது அள்ளிக்கொண்டு போனதே, அவர்கள் எந்த வாத்தியம் வாசித்தார்கள்?  அந்தக் கேள்வியும் ஆத்திரமும் எனக்குள் அப்படியே தங்கிவிட்டன.

அந்த ஆத்திரத்தில்தான் மறுபடியும் கிட்டாரை எடுத்தேன். பாட்டின் மேல்பாதிதான் கேட்டது. கீழே தாங்க ஆளில்லை. வருடக்கணக்கில் அப்படியே வாசித்தேன். நாட்டில் சண்டை முடிந்த வருடம், காக்காவின் குழுவில் டிரம்ஸ் அடித்த கூட்டாளி கட்டார் நாட்டிலிருந்து லீவில் வருவதாகச் சொல்லி, என்ன வேண்டும் என்று போனில் கேட்டார். ஏழு கம்பிக் கிட்டார் என்றேன். அதன் தடித்த கம்பி சாதாரணக் கிட்டாரைவிடக் கீழே இறங்கும் என்று அவர்தான் முன்பு சொல்லியிருந்தார். வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் பெட்டியைத் திறந்து காட்டிக் காட்டி அதைக் கொண்டுவந்து சேர்த்தார்.

காக்காவின் பேஸ் அளவுக்கு அது ஆழம் போகாது. பாதி வழிதான் போகும். ஆனாலும் பெருவிரலால் அந்தக் கம்பியைத் தட்டி, மற்ற விரல்களால் மெட்டைப் பிடித்தபோது, கீழே மறுபடியும் ஆள் இருந்தது. அழுதுவிட்டேன். அந்தக் கம்பி எனக்கு யார் என்று உம்மாவிடம் நான் சொன்னதில்லை.

சில மாதங்களில் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். அறை அறையாகப் பார்த்தார், கிணற்றையும் எட்டிப் பார்த்தார், எல்லாம் பிடித்துப்போனது. என் அறைச் சுவரில் கிட்டாரைக் கண்டதும் முகம் மாறியது. அதை யாருக்காவது கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் பேசி முடிக்கலாம் என்று உம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். உம்மா என்னைப் பார்த்தார். எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்தச் சம்பந்தத்துக்காக உம்மா நோன்பு நோற்றிருந்தார். விட்டுக்கொடு என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

"இந்த ஊட்டுக்கு அத்திவாரம் போட்டது எங்கட காக்கா கிட்டார் வாசிச்ச காசுலதான், மாமி" என்றேன். "கிட்டார் கூடாதெண்டா இந்த ஊடும் கூடாதுதானே? அப்ப உங்கட மகன் எங்க வந்து இரிக்கப்போறார்?"

மாமி சர்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். கேற்றடி வரை போய் அவரை அனுப்பிவிட்டு உம்மா திரும்பி வந்தார். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். உம்மாவோ தெருப்பக்கத்துச் சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பிறகு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"காக்காட கம்பியில வாசி மகள்" என்றார். "கேட்டுக்கொண்டே போகட்டும்."

மாமி அப்போது எங்கள் தெரு ஒழுங்கை முனையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. நான் வாசித்தேன்.