ஒரே ஷிப்டில் புருஷனும் பெண்டாட்டியும்

ராஜபாளையத்து ஆலையை மூடுவதற்கு என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கியாக இருந்தது. சபையாரே, இது போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலத்தில் நடந்தது. பேண்டேஜ் துணி நெய்து பல நாடுகளுக்கு விற்கிற பெரிய வெளிநாட்டுக் கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். அந்தக் கம்பெனியை அடியோடு மாற்றியமைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எந்த நாட்டு ஆலை இருக்கும், எது போகும் என்று நான்தான் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவளுக்கு இவ்வளவு பெரிய பதவியா என்று நீங்கள்கூட ஸ்தோத்திரம் பண்ணினீர்கள். பதவியோடு ஆலோசகர்கள் என்று ஒரு கூட்டத்தையும் என் தலையில் கட்டியது உங்களுக்குத் தெரியாது.

அவர்களைப் பற்றி மரியாதையாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. தறிச் சத்தம் ஆகாது என்று ஏசி அறையைவிட்டு அசையாமல், ஊருக்கெல்லாம் வழி சொன்ன மேதாவிகள். சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருவார்கள். எல்லா நாட்டு ஆலைக்கும் ஒரே ஷிப்ட் முறை என்றார்கள். அதில் ஒரு தர்ம காரியமும் சேர்த்தார்கள். கணவனும் மனைவியும் ஒரே ஆலையில் இருந்தால் இருவருக்கும் ஒரே ஷிப்ட். குடும்பம் சேர்ந்திருக்குமாம்.

கூட்டம் போட்டுச் சொன்னபோது ஆட்கள் எல்லாரும் "சரிங்க சார்" என்றார்கள். மேடையில் நிற்பவருக்கு நம் ஊரில் வேறென்ன பதில் வரும்? அதைச் சம்மதம் என்று நம்பி அந்த அறிவாளிகள் கைதட்டிக்கொண்டார்கள். அடுத்த வாரமே பாதி ஆள் வரவில்லை. தறிகள் நின்றன. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒழுங்கு கிடையாது, ஈஸ்டருக்குள் ஆலையை மூடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போட்டால் அத்தனை குடும்பமும் தெருவுக்கு வரும். போடாவிட்டால் என்ன காரணம் சொல்வது? ஆள் வராதது உண்மைதானே. சபையில் சிலரிடம் எனக்காக ஜெபிக்கச் சொன்னேன். "எல்லாம் தேவ சித்தம், போட்டுருங்க" என்றார்கள். பேர் சொல்லவில்லை, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நானே முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, ஏன் வரவில்லை என்று மட்டும் காட்டும் என்று அழுதேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் காலை ஆலைக்குப் போனேன். கேட்டை மறித்துக்கொண்டு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். இருவரும் எங்கள் தறியில் வேலை செய்பவர்கள். அவள் இடுப்பில் பிள்ளை.

"ஏட்டி, நேத்து நாந்தான் லீவு போட்டேன். இன்னைக்கு நீ பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்டுல இரு."

"போன வாரம் பூராவும் யாரு இருந்தா? நீங்க கொண்டு போங்க. நான் உள்ள போறேன்."

நான் இறங்கிப் போய், முன்பு பிள்ளையை யார் பார்த்தது என்று அவளிடம் கேட்டேன்.

"நாங்கதான் மேடம். நான் வேலைக்கு வரும்போது இவுக வேலை முடிஞ்சு வருவாக. இந்தக் கேட்டுலயே பிள்ளைய கை மாத்திக்கிடுவோம். இப்ப ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டுட்டாக. பொறவு ஒருத்தர் வீட்டுல கெடக்க வேண்டியதுதான். இங்க வேலை பாக்குற முக்காவாசி வீட்டுலயும் இதே கததான்."

"கூட்டத்துல ஏன் சொல்லல?"

"அம்புட்டுப் பெரிய ஆளுக முன்னால எப்படி மேடம் சொல்ல?"

எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. அன்றே கம்பெனித் தலைவரிடம் வீடியோவில் பேசினேன். பழைய ஷிப்டைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், அதற்கு முன் ஆலையை மூடக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஒரு வீட்டுச் சண்டையை வைத்து முடிவெடுக்கலாமா என்று தலைமை ஆலோசகர் சிரித்தார். ஆலையில் எத்தனை ஜோடி வேலை பார்க்கிறார்கள் என்று அவரைக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் விசாரிக்கத் திரும்பினார். தலைவர் எனக்கு அவகாசம் கொடுத்தார்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை பழைய ஷிப்ட் வந்தது. அந்த வாரமே தறிகள் எல்லாம் ஓடின. மூடுகிற பேச்சு ஒழிந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இப்போது அதே மேதாவிகள் இதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று மற்ற நாடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வெட்கம் இருந்தால்தானே.

இப்போதெல்லாம் நான் ஆலை வாசலில் செத்த நேரம் நிற்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. நெருக்கடியில் இருக்கிறவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள், நிச்சயம் காட்டுவார். ஆனால் ஆமென் சொன்னதும் எழுந்து வெளியே போய்ப் பாருங்கள். எனக்கு வந்த பதில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றது. தேவ சித்தம் என்று வீட்டிலேயே இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.