கும்பத்துக்குப் பக்கத்தில் என் வயலின்

நவராத்திரியில் எனக்கு ஒரு மரியாதை கிடைத்தது. கிழமை ஒன்றாகியும் அதிலிருந்து நான் இன்னும் தெளியவில்லை.

ஐம்பது தாண்டிய வயதில் நான் வயலின் படிக்கிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு டீச்சரிடம். கூடப் படிப்பவர்கள் எல்லாம் ஏழு, எட்டு வயதுக்காரர்கள். அவர்கள் முன்னால் பிழை விட எனக்கு வெட்கமே இல்லை. அவர்களும் தாராளமாக விடுகிறார்கள்.

வெட்கமெல்லாம் வெள்ளவத்தையில், என் சொந்த வீட்டில்தான். எங்கள் அபார்ட்மென்டில் சுவர் என்பது பெயருக்குத்தான். மேல்வீட்டில் என்ன சண்டை, யார் வென்றது என்பது வரை எனக்குத் தெரியும். அப்படியென்றால் என் வயலின்?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கடற்கரைப் பக்கமாக ரயில் போகும்போது மட்டும் வில்லை அழுத்தி வாசிப்பேன். ரயில் போனதும் நிறுத்திவிட்டு அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பேன். ஒரு சின்னக் கீதம் வாசித்து முடிக்க ஒரு முழுப் பின்னேரம் வேண்டும். சிக்னல் கோளாறு என்றால் சரணம் நாளைக்குத்தான்...

யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் நம்பியிருந்தேன். ஒருநாள் எங்கள் காவல்காரர், வோச்சர், கார் பார்க் கேட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். பின்னேரங்களில் எங்கேயோ கிறீச்சிடுகிறதாம், கீழ்வீட்டு மாஸ்டர் சொன்னாராம். நான் மெல்ல லிஃப்டுக்குள் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து யன்னல்களையும் பூட்டினேன்.

இந்த மாஸ்டர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எங்கள் அபார்ட்மென்ட் கமிட்டியின் தலைவரும் அவர்தான். நவராத்திரிக்கு முதல்நாள் என் வீட்டு மணியை அடித்தார்.

"தம்பி, இந்தமுறை உங்கட வயலினைக் கும்பத்துக்குப் பக்கத்தில வைப்பம் எண்டு கமிட்டியில முடிவெடுத்திருக்கிறம். நாளைக்குக் காலமையே தந்திடுங்கோ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கார் பார்க்கில் வருஷா வருஷம் கும்பம் வைக்கிறோம். பிள்ளைகளின் புத்தகங்களே கடைசி நாள் சரஸ்வதி பூசைக்குத்தான் அங்கே வரும். என் வயலினுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே இடமா? கலைக்கு இந்தக் கட்டிடத்தில் இவ்வளவு மதிப்பா? வயலினைத் துடைத்து, பட்டுத்துணி சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

மனைவிதான் விஷயத்தை உடைத்தாள். "பூசையில வைச்சதை விஜயதசமி வரைக்கும் தொடேலாதெல்லோ. அவ்வளவு நாளும் நிம்மதியா இருக்கப் பாக்கினம்."

நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. வாசிக்காமல் இருக்க சரஸ்வதியே லீவு தந்திருக்கிறாள். யாருக்குக் கேட்குமோ என்று பயப்படாத பின்னேரங்கள்... யன்னலைத் திறந்து வைத்து டீ குடித்தேன். கட்டிடம் முழுவதும் அமைதி. மாஸ்டர் லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கமிட்டி ஒன்றை மட்டும் மறந்துவிட்டது. விஜயதசமியன்று பூசை முடிந்ததும் பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து ஆளுக்கு நாலு வரி வாசித்தார்கள். அடுத்ததாக ஐயர் என் வயலினை எடுத்து நீட்டினார்.

"வைச்ச ஆளே எடுத்து வாசிக்க வேணும்."

மாஸ்டரின் முகம் கறுத்தது. "ஐயா, தந்தியைச் சும்மா தொட்டாக் காணாதோ?" என்று கேட்டார். போதாது என்று ஐயர் தலையை ஆட்டினார்.

எல்லா மாடிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கையில் சுண்டல், கண் என்மேல். ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். கேட்டுக்குக் குறுக்கே யாரோ வேனை நிறுத்தியிருந்தார்கள். வயலின் முழுக்கச் சந்தனப் பொட்டு. தாடை வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டு வில்லை வைத்தேன்.

அந்தக் கீதத்தின் மூன்றாவது வரியில் ஒரு காந்தார சுரம் வரும். நான் தொட்டால் அது எப்போதும் மேலே ஏறிப்போகும். டீச்சர் எத்தனையோ தரம் திருத்திவிட்டுக் கைகழுவிவிட்டார். ஆனால் இத்தனை நாள் தொடாததால் விரலுக்குப் பழைய பழக்கம் மறந்துபோயிருக்க வேண்டும். காந்தாரம் கச்சிதமாக அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. வாழ்க்கையில் முதல்முறை! கண் கலங்கிவிட்டது எனக்கு. கடைசி வரை நிறுத்தாமல் வாசித்து முடித்தேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"பரவாயில்லைத் தம்பி, பதற்றத்தில வாறதுதான். மூண்டாவது வரியில மட்டும் பிழைச்சுப் போச்சு."

கூட்டமே தலையாட்டியது. என் மனைவியும்தான். இரண்டாம் மாடி அன்ரி ஒருபடி மேலே போய், அந்த வரி எப்படி வரவேண்டும் என்று பாடியே காட்டினார். காந்தாரம் ஏறிப்போனது, அப்படியே நான் ஏற்றுகிற அளவுக்கு.

அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் என்று நாமெல்லாம் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது அதற்கல்ல — அவர்கள் மனப்பாடமாக்கிவிடுவார்கள் என்பதற்குத்தான். என்ன செய்வது? அன்ரி பாடிக் காட்டியபடியே இன்னொரு தரம் வாசித்தேன். கார் பார்க்கே அதிரக் கைதட்டினார்கள்.

டீச்சர் நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன்.