பின்லாந்துக்கு விழாத வோட்டு

நான் நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். முப்பது வருடம் படிப்பித்த ஒருத்தியை ஊர் அப்படித்தான் சொல்லும். அந்த வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பது ஊருக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. வடமராட்சியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. வளர்ந்தவர்களுக்கெல்லாம், பெண்களுக்கும் கூட, வோட்டுரிமை வந்திருந்த காலம் அது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களோ அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஆகவே எங்கள் ஊரில் வோட்டுப் போட்ட முதற்பெண்கள் நாங்கள்தான் என்று சொல்லலாம். இலங்கைச் சட்டசபைக்கு அல்ல, ஜெனீவாவுக்கு.

எங்கள் பள்ளிக்கூடத்தின் வெள்ளைக்கார அதிபர் அம்மாவுக்கு ஜெனீவாவில் பைத்தியம். உலகத்தில் இனிச் சண்டையே வராமல் பார்த்துக்கொள்வதற்கு அங்கே நாடுகள் எல்லாம் கூடிச் சபை நடத்துகின்றன, அதற்குள்ளே ஒரு சின்ன உட்சபை இருக்கிறது, அதில் இடம் பிடிக்க நாடுகள் ஒன்றையொன்று கெஞ்சித் திரிகின்றன என்று ஒரு தவணை முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். பிறகு, நாங்களும் அதைப்போல ஒரு சபை நடத்த வேண்டும் என்றார். பதினெட்டுப் பேர், பதினெட்டு நாடு. தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தோம். எனக்குப் பெரு வந்தது. அது உலகப்படத்தில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. உட்சபையில் மூன்று இடம். பெருவும் பின்லாந்தும் உட்பட ஆறு நாடுகள் போட்டிக்கு நின்றன. ஆளுக்கு மூன்று வோட்டு. தன் நாட்டுக்குத் தானே போடக்கூடாது.

போட்டி சும்மா இல்லை. தேர்தலன்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு அம்மா வருகிறார். வென்ற மூவரும் அவரோடும் அதிபர் அம்மாவோடும் ஒரே மேசையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார்கள். அந்த மூவரில் ஒருத்தியை அவர் இலவசமாகப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்.

பின்லாந்து கிடைத்தவளுக்கு அந்த இடம் எவ்வளவு தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வளவுப் பனைகளில் ஏறியவர் அவளுடைய தகப்பன். அவர் விழுந்து செத்தபிறகு தாய் கூலிக்குத் தேங்காய் மட்டை தட்டித் தும்படிக்கப் போனாள். படிப்பு இத்தோடு முடிந்தால் தையில் அவளுக்குக் கலியாணம் என்று சொந்தத்துக்குள் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தாரமிழந்தவர், தாய்மாமன் முறை. அவள் வகுப்பில் தரையில் அல்ல, எங்களோடு வாங்குப் பலகையில்தான் இருந்தாள். அது அதிபர் அம்மாவின் சட்டம். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. அவள் தன்பாட்டில் பின்பக்கத்து இலுப்பை மரத்துக்குக் கீழே போய்விடுவாள்.

அவள் பின்லாந்தைக் கரைத்துக் குடித்தாள். எத்தனை ஏரி, என்ன மரம், எத்தனை மாதம் பனி, எல்லாம். வல்வெட்டித்துறையில் தூரதேசம் போய்வந்த ஒரு கப்பல்காரரைத் தேடிப் போய், கடல் எப்படி உறையும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

தேர்தலுக்கு முதல்நாள் கிணற்றடியில் என்னிடம் வந்தாள்.

“நான் உங்கடை பெருவுக்குப் போடுறன். நீங்கள் பின்லாந்துக்குப் போடுவியளோ?”

“ஓம், போடுறன்.”

“கையடிச்சுச் சொல்லுங்கோ.”

உள்ளங்கையை நீட்டினாள். எங்கள் ஊரில் சத்தியம் என்றால் நீட்டிய கையில் கையால் அடிக்க வேண்டும். நான் என் கையை அவளுடைய கைக்கு மேலே கொண்டுபோய், நாலு விரற்கடை உயரத்தில் நிறுத்தி, “சத்தியம்” என்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். முகம் மலர்ந்திருந்தது. நான் தொடமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். அவ்வளவு தூரம் நான் கையைக் கொண்டுவந்ததே பெரிது என்று எடுத்துக்கொண்டாள், பைத்தியக்காரி. எனக்கோ மனதுக்குள் கணக்கு வேறு. கை படாவிட்டால் அது சத்தியமே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சன்னிதி முருகனிடமும் இந்த நியாயத்தைத்தான் சொல்லிக் கும்பிட்டேன். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரமே நான் மற்றவர்களைக் கூட்டிப் பேசினேன். இதை வேறு யாரோ தொடங்கினார்கள் என்று சொல்ல ஆசைதான். நான்தான் தொடங்கினேன்.

“அவள் வெண்டால் ஆர் அந்த மேசையிலை இருந்து சாப்பிடுறது? நீ சாப்பிடுவியோ?”

எல்லோருக்கும் வீட்டில் தாய்மார் இருந்தார்கள். நான் அவளோடு ஒரு மேசையில் சாப்பிட்டேன் என்று தெரிந்தால் என் அம்மா என்னை அடுப்படிக்குள் விடமாட்டா.

“அப்ப ஒருத்தரும் போடக்கூடாது. ஒண்டு கூட.”

தேர்தலன்று போட்டிக்கு நின்ற ஒவ்வொரு நாடும் எழும்பி ஏன் தன்னைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று பேசியது. நான் பெருவைப் பற்றி நாலு வசனம் பேசினேன், அதில் மூன்று பொய். அவள் கடைசியாகப் பேசினாள். சின்ன நாடு என்றாள். யாரோடும் சண்டைக்குப் போகாது, பெரிய நாடுகளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டால் போதும், பேசக் கேட்டால் மட்டும் பேசும் என்றாள். நாங்கள் கை நோகத் தட்டினோம். அவ்வளவு தட்டு வேறெவருக்கும் விழவில்லை. அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு போய் இருந்தாள்.

அதிபர் அம்மா சீட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசிக்க, எண்ணிக்கை கரும்பலகையில் ஏறியது. பாரசீகத்துக்கு எட்டு. பெருவுக்கு ஒன்பது. ஒரு வோட்டால் நான் மூன்றாவது இடத்துக்கு வந்தேன். பின்லாந்துக்கு நேரே அம்மா கொஞ்ச நேரம் சோக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பூச்சியம் போட்டார், வட்டமான நல்ல பூச்சியம்.

என் ஒன்பதில் ஒன்று அவள் போட்டது. அது பாரசீகத்துக்குப் போயிருந்தால் நான் இல்லை. பலகையைப் பார்த்த அந்த நிமிடமே அது எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியிருக்கும், கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல்.

அதிபர் அம்மா நினைத்திருந்தால் இன்னொரு கதிரை போட்டிருக்கலாம். போடவில்லை. “சபையின் தீர்ப்பு” என்று சொல்லிவிட்டார். அவளை அந்த மேசைக்குக் கொண்டுவரத்தான் அவர் இவ்வளவு கூத்தும் ஆடினாரோ என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம். அப்படியென்றால் எங்களை நம்பியது அவர் செய்த மடைத்தனம்.

சாப்பாட்டுக்கு இடியப்பமும் இறால் குழம்பும். நான் வயிறாரச் சாப்பிட்டேன். பயிற்சிப் பள்ளி அம்மா கேட்டதற்கெல்லாம் அடக்கமாகப் பதில் சொன்னேன். அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. யன்னலுக்கு வெளியே இலுப்பை மரம் தெரிந்தது. அந்தப் பக்கம் நான் முகத்தைத் திருப்பவில்லை.

தையில் அவளுக்குக் கலியாணம் முடிந்தது. அடுத்த வருடம் முதற்பிள்ளைப்பேற்றில் பிள்ளையோடு அவளும் போய்விட்டாள் என்று என் அம்மா சாடையாகச் சொன்னபோது, நான் பயிற்சிப் பள்ளியிலிருந்து லீவில் வந்திருந்தேன். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது அந்தத் தேர்தலன்று பின்னேரம், பள்ளிக்கூடப் படலையடியில். புத்தகங்களை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்பதற்கு முதலே நான் முந்திக்கொண்டேன்.

“நான் போட்டனான். எண்ணேக்கை பிழை விட்டிட்டினம்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

“வேறை ஆரெண்டாலும் ஒண்டே ஒண்டு போட்டிருக்கலாம்,” என்றாள். “அது நீங்கள் போட்டது எண்டு நினைச்சுக்கொண்டு போயிருப்பன்.”