அறுநூற்றுப் பதினேழாவது கசட்

கற்பிட்டிப் பிரதான வீதியில் பஹ்மாவுக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி அடிக்க, ஃபோனுக்கு ரீலோட் போட, படிவம் நிரப்பிக்கொள்ள என்று காலையிலிருந்து ஆட்கள் வந்து போவார்கள். அவர்களில் சிலர் கையில் ஒரு ஷொப்பிங் பேக்கும் இருக்கும். வயர் சுற்றிய பழைய டீவி கேம், பட்டன் விழுந்த கை விளையாட்டுப் பெட்டி, மஞ்சள் நிறக் கேம் கசட் என்று அதற்குள் ஏதாவது கிடக்கும். வீட்டைத் துப்புரவாக்கும்போது அகப்பட்டதைக் குப்பையில் போடுமுன் பஹ்மாவிடம் காட்டுவது ஊரில் பழக்கமாகிவிட்டது.

அவளுக்கு இப்போது வயது நாற்பத்திரண்டு. வீட்டின் பின்னறையில் இரண்டு இரும்பு அலுமாரி நிறைய இந்தச் சாமான்கள்தான். கடற்காற்றின் உப்பு உள்ளே இருக்கும் செம்புத் தகடுகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். அவள் ஒவ்வொன்றையும் கழற்றி, அழிறப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அரிசி போட்ட தகரப் பேணிக்குள் மூடி வைப்பாள். சேர்த்த பொருள் ஓடவேண்டும் என்பது அவளுடைய கட்டாயம். ஓடாத ஒன்றை அழகுக்கு வைத்திருப்பது அவளுக்குப் பிடிக்காது.

சின்ன வயது ஆசை என்று யாரும் நினைத்தால் அது பிழை. சின்ன வயதில் அவள் வீட்டில் டீவியே இருக்கவில்லை. இருபத்தொன்பதாவது வயதில் ஒருநாள், போத்தலும் பழைய இரும்பும் வாங்குகிறவரின் தள்ளுவண்டி கடை வாசலில் நின்றது. போத்தல்களுக்கு நடுவே தட்டச்சுப் பொறி போல ஒரு பெட்டி. விசைகளில் ஆங்கில எழுத்தோடு அரபு எழுத்தும் இருந்தது. குவைத்துக்குப் போன யாரோ எண்பதுகளில் கொண்டுவந்த, டீவியில் மாட்டி விளையாடுகிற பழைய கொம்பியூட்டர் அது. பஹ்மா அதை வாங்கி, ஈயம் பற்றவைக்கவும் அதற்காகவே பழகி, எட்டு மாதத்தில் ஓட வைத்தாள். நீலத் திரையில் அரபு எழுத்துக்கள் வந்து நின்றன. குர்ஆன் ஓதப் படித்த பிள்ளையென்பதால் எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது. கருத்துத்தான் விளங்கவில்லை. விளங்காமல் விடுவதில்லை என்ற பிடிவாதம் அன்றைக்குப் பிடித்ததுதான், பிறகு விடவே இல்லை.

இன்டர்நெட்டில் இப்படிப்பட்ட பழைய விளையாட்டுக்களைத் தேடிச் சேர்க்கும் ஆட்களின் குழு ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்ந்தாள். பல நாட்டுக்காரர்கள். உலகத்தில் எங்குமே பிரதி கிடைக்காமற் போன அரபு விளையாட்டுக்களின் பட்டியல் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதில் ஒன்றின் பெயர் 'அல்-கவ்வாஸ்', மூழ்குகிறவன். கடலுக்கடியில் இறங்கி மூச்சு முடியுமுன் முத்துச் சிப்பி எடுத்துவரும் விளையாட்டு. குவைத்தில் ஒரு சிறிய கடை அதைச் சாதாரண பாட்டுக் கசட்டில் பதிந்து விற்றிருக்கிறது. மிஞ்சியது பத்திரிகை விளம்பரத் துண்டு ஒன்று மட்டும்.

பஹ்மா அந்த விளம்பரத்தின் ஆண்டைப் பார்த்தாள். 1988. அந்தக் காலத்தில் புத்தளத்திலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் குவைத்துக்குப் போயிருந்தவர்கள் எத்தனை பேர். தொண்ணூறில் அங்கே யுத்தம் வந்ததும் கையில் கிடைத்ததைச் சூட்கேஸில் திணித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள். அந்தக் கசட் பூமியில் மிஞ்சியிருந்தால் இந்தப் பக்கத்து வீடொன்றில்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

தேடத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை கடை பூட்டு. ஜும்ஆத் தொழுகை முடிந்து கணவர் ஸலாஹுதீன் வந்ததும் அவருடைய முச்சக்கர வண்டியில் ஏறிவிடுவாள். வெளிநாடு போய் வந்தவர்களின் வீடு வீடாகப் போய், பழைய கசட் இருந்தால் ஒருதரம் போட்டுக் கேட்க விடுங்கள் என்று கேட்பாள். விளையாட்டுப் பதிந்த கசட்டைப் பாட்டுப்பெட்டியில் போட்டால் கீச்சென்ற இரைச்சல்தான் வரும். அவள் தேடியது அந்த இரைச்சலை. கிடைத்ததோ பாட்டும் மார்க்கப் பயானும் கலியாண வீட்டுச் சத்தமும். சிலவற்றில் வெளிநாட்டிலிருந்து மனைவிக்கும் உம்மாவுக்கும் பேசி அனுப்பிய குரற் கடிதங்கள் இருந்தன. அப்படி ஒரு குரல் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுவாள்.

கேட்ட கசட்டுகளை ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதிவந்தாள். நான்கு வருடத்தில் இலக்கம் அறுநூறைத் தாண்டியது. இரைச்சல் கிடைத்தவை ஒன்பது. ஒன்பதும் எல்லோரிடமும் இருக்கிற விளையாட்டுக்கள். அவளுடைய சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஸலாஹுதீன் சிரிக்கவில்லை என்றாலும் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இன்னும் எத்தன வீடு போகப் போற?"

"கெடைக்கிற வரைக்கும்," என்றாள் பஹ்மா.

அவர் வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணினார்.

2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. ஸலாஹுதீன் நாட்கணக்கில் வரிசையில் நின்றார். வண்டி ஓடாது என்றானதும் பஹ்மா பஸ்ஸில் போனாள். மின்வெட்டு இருந்ததால் பற்றரியில் ஓடும் சின்ன ரேப் ரெக்கோடர் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அப்படித்தான் அந்த ஜூலை மாத வெள்ளிக்கிழமை, சந்தியில் இறங்கி மணல் ஒழுங்கையால் நடந்து, ஆலங்குடாவில் மர்ளியாவின் வீட்டுக்குப் போனாள்.

மர்ளியாவுக்கு ஐம்பத்தேழு வயது. கணவர் அத்தாஉல்லா குவைத்தில் மின்சாரச் சாமான் கடையொன்றில் வேலை பார்த்தவர். மௌத்தாகி அடக்கமாகிப் பதினொரு வருடம். மகள் றுமானா கலியாணம் முடித்துப் புத்தளத்தில் இருந்தாள். மர்ளியா ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். உள்ளே பதினான்கு கசட்டுகள்.

பஹ்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றின் மேல் நீல மையில் அரபில் கையெழுத்து. மனதுக்குள் எழுத்துக் கூட்டினாள். அலிப், லாம், கைன், வாவ், அலிப், ஸாத். அல்-கவ்வாஸ். கசட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது பழுதாப் போனது புள்ள," என்றார் மர்ளியா. "கீச்சிண்டு கத்தும். வேற ஒண்டும் இல்ல."

கொப்பியில் அறுநூற்றுப் பதினேழு என்று குறித்துவிட்டுப் பஹ்மா அதை ரேப்பில் போட்டாள். இரைச்சல் வந்தது. அவளுக்கு அதைவிட இனிமையான சத்தம் அந்த நேரத்தில் உலகத்தில் இல்லை. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஓடியது. திடீரென்று இரைச்சல் அறுந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு ஓர் ஆணின் குரல், ஸலாம் சொல்லி, மர்ளியா என்று கூப்பிட்டது.

பஹ்மா சட்டென்று நிறுத்தினாள். மர்ளியா கதிரையிலிருந்து எழும்பி நின்றுகொண்டிருந்தார். நான் வெளியே போய் நிற்கிறேன், நீங்கள் தனியாகக் கேளுங்கள் என்று பஹ்மா சொன்னாள். மர்ளியா அவளுடைய கையைப் பிடித்து இருத்தினார். தனக்கு இந்த மெஷினைப் போடத் தெரியாது, இருந்து போட்டுவிடு என்றார்.

குரல் பதினொரு நிமிடம் பேசியது. வெயிலைப் பற்றி, அறையில் கூட இருக்கும் எகிப்து நாட்டுக்காரரைப் பற்றி, அவருடைய கசட்டைத்தான் இதற்கு வாங்கிக்கொண்டேன் என்பதைப் பற்றி. பிறகு அத்தாஉல்லா சொன்னார்:

"மர்ளியா, போன கடிதத்த நான் கோவத்துல எழுதிட்டன். டீச்சர் நியமனத்த உட்றாத. போய்ச் சைன் வை. றுமானாவ உம்மா பாத்துக்குவாங்க. நான் செஞ்சது பிழை. என்ட பதிலுக்குக் காத்துக்கிட்டு இரிக்க வேணாம்."

கசட் முடிந்து பொத்தான் தானாக எழும்பியது. இன்னொருதரம் போடச் சொன்னார் மர்ளியா. இரண்டாவது தரமும் கேட்டு முடிந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னார். 1989இல் அவருக்குச் சிங்களம் படிப்பிக்க ஆசிரியர் நியமனம் வந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகக்கூடாது என்று குவைத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு கிழமை கழித்து இந்தக் கசட் வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் போட்டார்கள். கீச்சென்று கத்தியதும், மெஷின் பழுதாகிவிடும் என்று அந்த வீட்டுக்காரி பயந்து நிறுத்திவிட்டாள். அரை நிமிடமும் ஓடியிருக்காது. நியமனத்துக்குக் கையொப்பமிடும் திகதி போனது.

"வந்த பொறகு ஒருக்காக் கேட்டாரு, கசட் கெடச்சதாண்டு," என்றார் மர்ளியா. "பழுதெண்டு சொன்னா மனசு நோவுமேண்டு, ஓம் கெடச்சதுண்டு சொன்னன். அவ்வளவுதான். நான்தான் வேணாமிண்டு உட்டதாக நெனச்சிருப்பாரு."

இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் அந்தக் கதையைப் பிறகு எடுக்கவே இல்லை. அந்தக் குரல் விளையாட்டின் பாதியை அழித்துவிட்டதே என்ற நினைப்பு பஹ்மாவின் மனதின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நினைத்துத் தன்மேலேயே வெட்கப்பட்டாள். ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டாள்: முதல் ஒன்றரை நிமிடத்தை மட்டும் பிரதி எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், ஆனால் கசட் இந்த வீட்டு வாசலைத் தாண்டாது என்றார் மர்ளியா.

அடுத்த வெள்ளிக்கிழமை பஹ்மா லப்டொப்பையும் நல்ல ரேப் ஒன்றையும் சுமந்துகொண்டு பஸ்ஸில் போனாள். போய்ச் சேர மின்சாரம் நின்றது. அதற்கடுத்த கிழமை கடைசி பஸ் வரைக்கும் காத்திருந்தும் மின்சாரம் வரவில்லை. மூன்றாம் கிழமை ஒரு மணித்தியாலம் கிடைத்தது. இரைச்சலைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் எடுத்தாள். குரலை மர்ளியாவின் ஃபோனில் போட்டு, எந்த இடத்தைத் தொட்டால் ஓடும் என்றும் காட்டிக்கொடுத்தாள்.

குழுவில் அறிவித்ததும் முதலில் கொண்டாட்டம். பாதிதான் இருக்கிறது என்று தெரிந்ததும், பாதி விளையாட்டு ஒன்றுமில்லாததற்குச் சமம் என்று பலர் எழுதினார்கள். கசட்டையாவது விற்கச் சொல்லி ஒருவர் கேட்டார். அது தன்னுடையதல்ல என்று பஹ்மா எழுதினாள். கூடவே ஒரு வேண்டுகோளும் விட்டாள். உங்கள் ஒவ்வொருவரிடமும் பெயர் தெரியாத, பழுதான, ஓடாத கசட்டுகள் இருக்கும். மற்றப் பாதி அவற்றில் எதிலாவது இருக்கலாம், அவற்றின் சத்தத்தை எனக்கு அனுப்புங்கள்.

ஒருமுறை எழுதியதற்கு மூன்று பேர்தான் அனுப்பினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள். பதில் வராதவர்களுக்குத் திரும்பவும் எழுதினாள். ஐந்து மாதத்தில் நாற்பத்துமூன்று வந்து சேர்ந்தன.

இரைச்சல் என்பது உண்மையில் எண்களின் வரிசை. மர்ளியாவின் கசட்டில் கடைசியாக மிஞ்சிய எண்களை, கடையில் பிழையாய் அடிபட்ட தாள்களின் பின்பக்கத்தில் அச்சிட்டாள். வந்தவற்றையும் அப்படியே அச்சிட்டு, ஆட்கள் இல்லாத நேரத்தில் மேசையில் பரப்பி, கோடு போடும் அடிமட்டத்தை வைத்து வரி வரியாக ஒப்பிட்டாள். முப்பத்தெட்டாவது கசட் பஹ்ரைனிலிருந்து யூசுப் என்பவர் அனுப்பியது. பழைய சாமான் சந்தையில் அகப்பட்டது, தண்ணீர் பட்டு முன்பாதி நாசம், மேலே ஒட்டியிருந்த தாளும் போய்விட்டது என்று எழுதியிருந்தார். அதன் நடுவில் ஆறு வரி எண்கள் மர்ளியாவின் கசட்டின் கடைசி ஆறு வரியோடு ஒத்துப்போயின. பஹ்மா அடிமட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். பிறகு கதவை அரைவாசி சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

இரண்டையும் பொருத்துவதற்கு இன்னும் ஏழு மாதம் போனது. பொருத்திய இடத்தில் பிழைகள் இருந்தன. ஓர் எண் பிழைத்தாலும் திரை உறைந்துவிடும். யூசுப் அங்கிருந்தும் அவள் இங்கிருந்தும் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். 2023ஆம் ஆண்டு ஓகஸ்டில், ஒரு சனிக்கிழமை முற்பகல், குவைத்திலிருந்து வந்த அந்தப் பெட்டியில் விளையாட்டு ஓடியது. கறுப்பு உருவம் ஒன்று படகிலிருந்து குதித்துக் கீழே இறங்கியது. மூச்சைக் காட்டும் கோடு குறைந்துகொண்டே வந்தது. பஹ்மா முதலாவது சிப்பியை எட்டுமுன் மூச்சு முடிந்து தோற்றுப்போனாள். ஸலாஹுதீன் ஒருதரம் கேட்டு வாங்கி, அவளைவிடச் சீக்கிரம் தோற்றார்.

உலகத்துக்குக் கொடுப்பதற்காக இன்டர்நெட்டில் ஏற்றும்போது, பிரதி எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு குறிப்பு எழுதவேண்டும். பஹ்மா ஆலங்குடாவுக்குப் போய் விளையாட்டை லப்டொப்பில் காட்டினாள். மர்ளியா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதற்காகவா இவ்வளவு அலைந்தாய் என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உங்கள் பெயரைப் போடலாமா, போட்டால் எப்படிப் போடுவது என்று பஹ்மா கேட்டாள்.

"அத்தாஉல்லாவும் மர்ளியா டீச்சரும் எண்டு போடுங்க," என்றார் மர்ளியா.

பஹ்மா அப்படியே எழுதினாள். அந்தக் குறிப்பு இன்றும் அங்கே இருக்கிறது. எந்தெந்த நாட்டிலோ இருந்து அதை இறக்கி விளையாடுகிறார்கள். மர்ளியா அந்த ஆண்டுக் கடைசியில் வீட்டு முன்னறையில் அயல் வீட்டுப் பெண்கள் நான்கு பேருக்குச் சிங்களம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். யாரும் கேட்டுக்கொண்டு செய்ததல்ல.

பட்டியலில் இன்னும் பத்தொன்பது விளையாட்டுக்கள் இருக்கின்றன. கண்டக்குழியில் லெபனானுக்குப் போய்வந்த இன்னாசிப்பிள்ளை என்பவரின் வீட்டில் ஒரு பெட்டி கசட் இருப்பதாகச் சென்ற மாதம் யாரோ சொன்னார்கள். வீட்டில் ஆளில்லை என்று இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறாள்.