தம்பி வீட்டுக்கு மட்டும் காற்று

தீயணைப்பு நிலையத்தில் காலையில் தொலைபேசி மணி அடித்தால் எங்கோ பற்றிக்கொண்டது என்று அர்த்தமில்லை. பற்ற வைக்கலாமா என்று கேட்கத்தான் பாதிப் பேர் கூப்பிடுவார்கள். தோட்டத்துச் சருகையும் வெட்டிப் போட்ட கிளையையும் எரிக்க வேண்டுமென்றால் அன்று காலை நிலையத்தைக் கேட்டாக வேண்டும். பிளாஸ்டிக், டயர், பழந்துணி எதையும் போடக் கூடாது. பக்கத்தில் தண்ணீர்க் குழாயோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். காற்று அடிக்கிற நாளில் தீக்குச்சியே கிழிக்கக் கூடாது. அது அந்த ஊர்ச் சட்டம். காற்று அடிக்கிறதா இல்லையா என்று தொலைபேசியில் தீர்ப்புச் சொல்கிறவர்தான் நம் ஆள். காத்துக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும்.

ஒரு காலத்தில் வண்டியில் தொங்கிக்கொண்டு போனவர். ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போனதும் தொலைபேசி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே ஜன்னல், அதற்கு வெளியே கம்பத்தில் ஒரு துணிப் பை. பை விறைத்து நின்றால், "இன்னிக்குக் காத்து, வேண்டாம்." தொங்கினால், "எரிச்சுக்குங்க, இருட்டுறதுக்குள்ள அணைச்சுடணும்." இரண்டே வாக்கியத்தில் ஊரை ஆண்டார் மனிதர்.

"வெறும் இலைதான் சார்" என்று யாராவது குழைந்தால் விடமாட்டார். "போன தடவை எரிச்சதுல பால் கவர் கிடந்துச்சே. உங்க மரத்துல கவர் காய்க்குதா?" என்பார். அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, நேர்மையானவர்தான். ஒரே ஒரு வீட்டு விஷயத்தில்தான் அந்த நேர்மை படுத்துக்கொண்டது. அது தம்பி வீடு.

தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறவன். அண்ணனுக்குக் கல்யாணத்தன்றே முன்தலை காலி. தம்பிக்கோ பேரன் எடுக்கிற வயதிலும் சீப்பு ஒடிகிற முடி. அதைப் பொறுத்துக்கொண்டார். அண்ணன் உரம் போட்டு வளர்த்த கொய்யா பட்டுப்போயிற்று. தம்பி விதையைத் துப்பிய இடத்தில் மரம் காய்த்துக் குலுங்கியது. அதையும் பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொண்டார் என்ன, பல்லைக் கடித்துக்கொண்டார். கடித்தும் ஆறாத விஷயம் ஒன்று இருந்தது. அம்மா தம்பி வீட்டில் இருந்தாள்.

அம்மாவுக்கென்று ஒரு அறையை வெள்ளையடித்து, புது மெத்தை போட்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட வைத்துப் பார்த்தார். ஒரு முறை வந்தாள். வந்த அன்றே, "சின்னவன் சாப்பிட்டானோ என்னவோ" என்று ஆரம்பித்துவிட்டாள். பையைப் பிரிக்கவே இல்லை. சின்னவன் வந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனான். மெத்தையில் இன்னும் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை, பாவி மனிதர் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் கோடையில் தம்பி மரங்களைக் கழித்தான். குப்பை வண்டி கிளைகளை ஏற்றாது. பின்பக்கம் குவித்து வைத்துவிட்டு, எரிக்கலாமா என்று நிலையத்துக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, நான்தாண்ணே."

"நான்தான்னா யாரு? தெருவைச் சொல்லு. எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

தெருவைச் சொன்னான், கிளையெல்லாம் பின்பக்கம் கிடக்கிறது என்றும் சொன்னான். காத்துக்காரர் ஜன்னலைப் பார்த்தார். பை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் அறை பின்பக்கம்தான், குப்பை அவள் ஜன்னலுக்கு நேரே என்பது மின்னலாக ஓடியது. பூச்சி வரும், தூசி வரும், அம்மா இருமுவாள், சலித்துப் போவாள். சலித்துப்போனால் எங்கே வருவாள்?

"இன்னிக்குக் காத்து" என்றார். "வேண்டாம்."

"சரிண்ணே."

வைத்த கையோடு அடுத்த மணி. தம்பிக்கு எதிர் வீட்டுக்காரர். "எரிச்சுக்குங்க" என்று அவருக்குச் சொன்னார். நாக்கு கூசவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. தம்பி கூப்பிடுவான், அண்ணன் காற்று என்பார், தம்பி சரிண்ணே என்பான். ஒரு நாளாவது எதிர்த்துப் பேசினானா? இல்லை. அதுவே இவருக்கு எரிச்சல். குப்பை வளர்ந்து அம்மாவின் ஜன்னல் கம்பியைத் தொட்டது. அம்மாவோ இருமிக்கொண்டே அங்கேயே இருந்தாள்.

வீட்டில் ஒரு நாள் சாப்பிடும்போது வாய் தவறி, "இன்னிக்கும் வேண்டாம்னுட்டேன்" என்று சிரித்துவிட்டார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஊரே எரிக்கறதுக்கு உங்களைக் கேக்குது. நீங்க யாரைக் கேட்டு இப்படி வயிறு எரியறீங்க?"

"எனக்கென்ன எரிச்சல்? ரூல் அது."

"ரூலாம் ரூல். அத்தை மூச்சு வாங்குறாங்க, போய்ப் பாருங்க."

போய்ப் பார்க்கவில்லை. நாளைக்குச் சரியென்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த நாளை வந்தபோது பை விறைத்துப் படபடவென்று அடித்தது. வழக்கம்போலத் தம்பி கூப்பிட்டான். "இன்னிக்கு நிஜமாவே..." என்று தொடங்கிச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். "காத்து" என்று மட்டும் சொன்னார்.

"சரிண்ணே" என்றான் தம்பி.

நடுப்பகலில் மறுபடி அவன் குரல். "அண்ணே, பின்பக்கம் பத்திகிச்சு! அம்மா உள்ள..." அதற்குமேல் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் சந்தில் போன எவனோ அணைக்காமல் எறிந்த சிகரெட். சுவருக்கு இந்தப் பக்கம், ஒரு கோடை முழுக்கக் காய்ந்த கிளை. மேலே காற்று. வேறென்ன வேண்டும்? காத்துக்காரர் மணியை அழுத்தினார். வண்டி அலறிக்கொண்டு கிளம்பியது. இவர் போக முடியாது, தொலைபேசியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அந்தக் காலோடு போய்த்தான் என்ன செய்வார்? நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா, அம்மா என்று வாய்விட்டுச் சொன்னார். நான்தானே, நான்தானே என்று மனசு அடித்துக்கொண்டது. யாரோ ஒருவர் கூப்பிட்டு, நாளைக்குச் சருகு எரிக்கலாமா என்று கேட்டார். "போய்யா!" என்று கத்தினார்.

ஒருவழியாக வண்டியிலிருந்து செய்தி வந்தது. கிழவியைத் தம்பியே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அவன் கையில் கொஞ்சம் காயம். பின்னறை போயிற்று.

சாயங்காலம் அம்மா பெரியவன் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை பையே இல்லை, எல்லாம் எரிந்துவிட்டது. மருமகள் அவசர அவசரமாக மெத்தையின் உறையைக் கிழித்தாள். தம்பி, கட்டுப்போட்ட கையோடு அம்மாவைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தான். உட்கார்ந்த உடனே அவள் ஆரம்பித்தாள்.

"குப்பையக் கொண்டுவந்து என் தலைமாட்டுல குவிச்சானே, இவனுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? பெரியவன் தினம் தினம் சொன்னான், காத்து காத்துன்னு. அவன் சொன்ன மாதிரியே ஆச்சா இல்லையா? எரிக்க முடியலைன்னா தூரமாவது தள்ளி வைக்க வேண்டாம்?"

காத்துக்காரர் தம்பியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். தம்பி, "தப்புதாம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே போனார். எதையாவது பேச வேண்டுமே என்று, "கை ரொம்ப வலிக்குதாடா?" என்றார்.

"இல்லண்ணே." கேட்டின் தாழ்ப்பாளை நோண்டினான். "எதிர் வீட்டுல புகை வர்ற நாளெல்லாம் நான் பாத்துகிட்டுதாண்ணே இருந்தேன்."

காத்துக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏண்டா கேக்கல? ஏண்டா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா சண்டை வரும். அம்மாவுக்குத் தெரிஞ்சுடும். உங்களைத் தப்பா நெனச்சுடுவாங்கல்ல?" என்றான். "இருமலுக்கு ராத்திரி வெந்நீர் கேப்பாங்க. சொம்புல குடுங்க, டம்ளர்ல குடுத்தா குடிக்க மாட்டாங்க." கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

ஒரு திட்டு திட்டியிருக்கக் கூடாதா? சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இப்போதே ஓடிப்போய் அம்மாவிடம் உண்மையைக் கொட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அம்மா இந்த இருட்டிலேயே கிளம்பிச் சின்னவனிடம் போய்விடுவாள். வாய் திறக்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும், பாழாய்ப்போன மனசு, இதிலும் அவன்தானே ஒசத்தி என்று பொறாமைப்பட்டது.

உள்ளே விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என்ன இருந்தாலும் என் பெரியவன் மாதிரி வருமா?"

பிறந்ததிலிருந்து கேட்க ஏங்கிய வார்த்தை. அதையும் தம்பிதான் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.